பஞ்சாங்கம் பார்க்கத் தேவையில்லாத நாள்

என் மனைவி கார் ஓட்டக் கூடாது என்பதற்காக, ரிப்பேர் முடிந்த காரை நான் மாதக்கணக்கில் ஒரு கராஜில் நிறுத்தி வைத்திருந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வயதாகிவிட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல இனி விருப்பமில்லை. அந்தப் போட்டியில் ஜெயித்தவள் அவள். அதை அவள் எழுதமாட்டாள், அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. தோற்றவன் நான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. புனேயில் ஔந்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தோம். நாங்கள் இருவரும் திருநெல்வேலிப் பக்கம். மகள் அப்போது வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நான் கன்டோன்மென்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் அதிகாரி. அவள் ஔந்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு ஆசிரியை. எங்களிடம் வெள்ளை நிறத்தில் ஒரு பழைய கார் இருந்தது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் இருக்கும் அந்தக் காலத்துக் கார். அது எங்கள் வீட்டில் இருந்த நேரத்துக்குச் சற்றும் குறையாத நேரம் கராஜில் இருந்தது.

கராஜ், நடந்து போகும் தூரத்தில், ஒரு மாவு மில்லுக்கும் பேட்டரிக் கடைக்கும் நடுவே இருந்தது. தகரக் கூரை, பின்னால் ஒரு வேப்பமரம், வாசலில் ஒரு நீண்ட பெஞ்சு. மெக்கானிக்கை அங்கே மிஸ்திரி என்பார்கள். எங்கள் மிஸ்திரி சாதாராப் பக்கத்து மராட்டிக்காரர், என் வயதுதான் இருக்கும். வேலை செய்வதைவிட அதிகம் பேசுவார், சொன்ன நாளில் எந்த வண்டியையும் கொடுத்ததில்லை, ஆனால் யாரும் வேறு கராஜுக்குப் போனதுமில்லை. தெற்கிலிருந்து வந்த ஆண்கள் எல்லாரும் அந்த ஊரில் 'அண்ணா'தான். எனக்கும் அதே பெயர். பெண்கள் 'வைனி', அதாவது அண்ணி.

அங்கே போனால் வண்டிக்கு என்ன கோளாறு என்று நாமாகச் சொல்லக் கூடாது. "நோயைச் சொல்லாதீங்க, சத்தத்தைச் சொல்லுங்க" என்பார். வண்டி என்ன சத்தம் போட்டதோ அதை வாயால் போட்டுக் காட்ட வேண்டும். டை கட்டிய கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் கன்னத்தை உப்பிக்கொண்டு 'டுர்ர், பட், டுர்ர்' என்பார். பெஞ்சில் காத்திருப்பவர்கள், அது சைலன்சர், இல்லை கார்புரேட்டர் என்று ஏலம் கேட்பதுபோலக் கூவுவார்கள். துணிக்கடைக்காரர் ஒருவர் தன் ஜீப்பின் இருமலை இருமிக் காட்டியதில் நிஜமாகவே புரையேறித் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. நானும் இதில் தேறியவன். அலுவலகத்தில் நான் சிரித்து யாரும் பார்த்ததில்லை. கராஜ் பெஞ்சில் நான் வேறு ஆள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் சாவியைச் சும்மா கையில் கொடுத்து அனுப்பமாட்டார். வண்டியை யார் ஓட்டப்போகிறார்களோ அவர்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்வருவார். 'ஒரு சக்கர்' என்பார் அதை. "கிளட்ச் ஓட்டுறவங்க காலுக்குப் பழகணும். என் காலுக்குப் பழகி என்ன பிரயோஜனம்?"

அந்த வருடம் கோடை விடுமுறையில் என் மனைவி டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். காரணம் இருந்தது. அவளுடைய பள்ளி நிர்வாகம் விமான் நகரில் புதிதாக ஒரு கிளை தொடங்கியது. அதற்குத் தலைமை ஆசிரியையாக இவளைக் கேட்டார்கள். தசரா விடுமுறைக்குள் பதில் சொல்ல வேண்டும், தீபாவளி கழிந்ததும் அங்கே போய்ப் பொறுப்பேற்க வேண்டும். ஔந்திலிருந்து விமான் நகர் ஊரின் மறுகோடி. பஸ் என்றால் மாறி மாறிப் போக வேண்டும், எந்தப் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. கார் இருந்தால் போகலாம், இல்லையென்றால் முடியாது. அவ்வளவுதான் கணக்கு.

அவள் லைசென்ஸ் வாங்கிய அதே மாதம் என் அலுவலகத்தில் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. அதில் நான் இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவர் இருந்தார். அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அவள் புது லைசென்ஸை என் கையில் கொடுத்து, படம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நல்லா இல்லை என்றேன். நன்றாகத்தான் இருந்தது. நெற்றியில் பொட்டு லேசாகக் கோணியிருந்தது, கண்ணில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலையில் கிளட்ச் போயிற்று. அது நிஜமான கோளாறு. கராஜில் விட்டேன். மிஸ்திரி வாழ்க்கையில் முதல்முறையாகச் சொன்ன நாளுக்கு முன்பே வேலையை முடித்துவிட்டார். சாயங்காலம் நான் அந்த வழியாக நடந்து வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டே கூப்பிட்டார். வண்டி ரெடி அண்ணா, ஒரு சக்கர் போகலாமா என்றார்.

வண்டி வீட்டுக்குப் போனால் மறுநாளே அவள் சாவியைக் கேட்பாள். என் வாயில் அந்த நொடியில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். எங்களுக்கு ஆடி மாதம் தொடங்கிவிட்டது. ஆடியில் நாங்கள் வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. ஆகாது.

அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பரவாயில்லை, ஒவ்வோர் ஊருக்கு ஒவ்வொரு சாமி என்று சொல்லி, காரைத் தள்ளிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடினார். நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன். கல்லூரியில் படிக்கும்போது பேச்சுப் போட்டியில் நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பதைக் கிழிகிழியென்று கிழித்துப் பேசி முதல் பரிசு வாங்கியவன் நான். அன்று ஆடி மாதத்தின் பெயரால் காரைத் தள்ளினேன்.

அவளிடம் ஆடி மாதத்தைச் சொல்ல முடியாது. சிரிப்பாள். ஆகவே, கிளட்ச் பிளேட் கிடைக்கவில்லையாம், பழைய கார் அல்லவா என்றேன். அவள் நம்பினாள். பழைய கார்களுக்கு அப்போது எந்தப் பாகமும் லேசில் கிடைக்காது என்பது உண்மை. நல்ல பொய்க்குள் கொஞ்சம் உண்மை இருக்கத்தான் வேண்டும்.

ஆடி முடிந்தது. கணபதி வந்தார். புனேயில் கணபதி வந்தால் தெருவுக்குத் தெரு பந்தல், எந்த ரோடு எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. கணபதி போகட்டும், இந்தக் கூட்டத்தில் வண்டி எதற்கு என்று மிஸ்திரியிடம் சொன்னேன். சரிதான் என்றார். கணபதி தண்ணீருக்குள் போனதும் மஹாளய பட்சம் வந்தது. இந்த முறை நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. "பித்ருபட்சம் அண்ணா. இதுல நாங்களே எடுக்கமாட்டோம்" என்றார் அவராகவே. என் முன்னோர்கள் எனக்குத் துணைக்கு வந்ததுபோல் இருந்தது. பிறகு நவராத்திரி. எங்கள் வழக்கப்படி ஆயுத பூஜை முடியாமல் கருவியைத் தொடமாட்டோம் என்றேன். அவருக்கு என்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது. பெஞ்சில் இருப்பவர்களிடம், படிச்ச மனுஷன், ஆபீசர், ஆனா சாஸ்திரத்தை விடாத குடும்பம் என்று என்னைக் காட்டிச் சொல்வார். நான் தலையை ஆட்டிக்கொண்டு டீ குடிப்பேன்.

இதற்கிடையில் ஒரு சனிக்கிழமை அவள் பஸ்ஸில் விமான் நகர் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். போவதற்கு ஒரு பாடு, வருவதற்கு இரண்டு பாடு. விளக்கு வைத்த பிறகுதான் வந்தாள். செருப்பு வார் அறுந்து கையில் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுன்னு சொல்லிரலாம்னு தோணுது" என்றாள்.

நான் காபி போட்டுக் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்த மாதிரி, சர்க்கரை குறைத்து, டிகாஷன் கூட்டி. அருமையா இருக்கு என்றாள். நீ ஏன் இவ்வளவு கஷ்டப்படணும் என்று வேறு கேட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களில் அந்தக் காபியை நினைக்கும்போதுதான் இன்றும் கூசுகிறது. அடித்திருந்தால்கூட அவளுக்கு எதிரி யார் என்று தெரிந்திருக்கும்.

ஒருநாள் அவளே, நானும் கராஜுக்கு வருகிறேன், என்னதான் ஆயிற்று என்று கேட்டுவிடுவோம் என்றாள். அது பெண்கள் வருகிற இடமா, கண்ட ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்து வாயால் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தடுத்தேன். கண்ட ஆட்களில் நானும் ஒருவன் என்பதைச் சொல்லவில்லை.

நான் ஒன்றை மறந்துபோனேன். எங்கள் பஞ்சாங்கமும் மராட்டியர் பஞ்சாங்கமும் பல இடத்தில் வேறுபடும், எனக்கு அந்த வேறுபாடு வசதியாக இருந்தது. ஆனால் ஒரு நாளில் இரண்டும் ஒன்றாகிவிடும். நமக்கு விஜயதசமி, எதைத் தொடங்கினாலும் ஜெயிக்கும். அவர்களுக்குத் தசரா, வருடத்தில் பஞ்சாங்கமே பார்க்க வேண்டாத நாட்கள் என்று அவர்கள் வைத்திருக்கும் மூன்றரையில் ஒன்று. அன்றைக்கு ராகு காலமும் இல்லை, ஆடியும் இல்லை. எந்தச் சாக்கும் செல்லாது. மாதக்கணக்காக நான் நாள் சொல்லிச் சொல்லி, என்னை நானே அந்த நாளை நோக்கி ஓட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அன்று காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். மிஸ்திரி போன் செய்தாராம். காருக்குப் பூஜையாம். நான் மட்டும் போய்வருகிறேனே என்றேன்.

"வைனி வராம பூஜை கிடையாதுன்னு சொன்னாரு. கிளட்ச் பிளேட் வந்துட்டுது போல. வாங்க."

தெருவெல்லாம் சாமந்தி. எல்லா ஸ்கூட்டருக்கும் மாலை, ஆட்டோவுக்கு மாலை, தள்ளுவண்டிக்குக்கூட மாலை. அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன், பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன்போல.

கராஜ் வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். ஸ்பானர்களையும் திருப்புளிகளையும் சிவப்புத் துணியில் வரிசையாக அடுக்கிக் குங்குமம் வைத்திருந்தார்கள். வாடிக்கைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வண்டிகளுக்கு நடுவில், எல்லாவற்றுக்கும் முன்னால், எங்கள் கார் நின்றது. மெழுகு போட்டுத் தேய்த்து, கண்ணாடி மாதிரி. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை.

மிஸ்திரி புதுச் சட்டை போட்டிருந்தார். இந்தியும் மராத்தியும் கலந்து அவர் பேசியது எனக்கு இன்றும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது.

"வாங்க வைனி, வாங்க. உங்க வீட்டுக்காரர் மாதிரி நாள் பாக்கிற மனுஷனை நான் கண்டதில்லை. வண்டி ஆடி பிறந்தப்பவே ரெடி. ஆடி ஆகாதுன்னாரு, சரின்னேன். கணபதி போகட்டும்னாரு, அதுவும் சரி. பித்ருபட்சம் நானே சொன்னது. அப்புறம் ஆயுதத்தைத் தொடமாட்டோம்னாரு. இன்னைக்குத் தசரா. இன்னைக்கு உங்க பஞ்சாங்கமும் வேண்டாம், எங்க பஞ்சாங்கமும் வேண்டாம். இனிமே அண்ணா ஒரு வார்த்தை சொல்ல முடியாது."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெருமையாகச் சொன்னார். என் பக்தியை என் மனைவியிடமே மெச்சிக்கொண்டிருந்தார்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தமிழில், மெதுவாக, மற்றவர்களுக்குச் சாதாரணப் பேச்சுப்போலக் கேட்டாள்.

"நீங்க பஞ்சாங்கம் பாப்பியளா?"

நான் தரையைப் பார்த்தேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் என்று ஒன்று இருந்ததில்லை. அவள் மிஸ்திரியிடம் மறுபடி ஒரு முறை, ஆடி பிறந்தபோதேவா என்று கேட்டுக்கொண்டாள். ஆமாம் என்றார். மாணவன் போட்ட கணக்கில் எந்த வரியில் தப்பு என்று கண்டுபிடித்த ஆசிரியைபோலத் தலையை ஒரு தடவை ஆட்டினாள். தட்டை வாங்கி, காரின் முன்பக்கத்தில் குங்குமத்தால் ஸ்வஸ்திக் போட்டு, ஆரத்தி எடுத்தாள். தேங்காயை அவளே உடைத்தாள். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. பெஞ்சிலிருந்து யாரோ கைதட்டினார்கள்.

நான்கு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மிஸ்திரி சாவியை எடுத்தார். ஒரு சக்கர் போகலாம், யார் ஓட்டுறது என்று வழக்கம்போலக் கேட்டுக்கொண்டே என் பக்கம் நீட்டினார்.

"நான்" என்றாள் அவள்.

நீட்டிய சாவி அந்தரத்தில் நின்றது. மிஸ்திரி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அவங்கதான் ஓட்டணும் என்றேன். அதை நல்ல மனதோடு சொன்னேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அப்படியில்லை. அத்தனை பேர் முன்னால் வேறு எதுவும் சொல்ல வழியில்லை.

துணிக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "அண்ணா, இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்றார். நான்கு பேர் சிரித்தார்கள்.

அவள் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டே மராத்தியில் பதில் சொன்னாள். "எங்களுக்கு இருக்கு. உங்க ஜீப்பைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க, அது போதும்." இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அவர் எழுந்துபோய் நிஜமாகவே ஜீப்பை நகர்த்தினார்.

முன்னிருக்கையில் அவள் பக்கத்தில் மிஸ்திரி. பின்னால் நான், மடியில் தேங்காய் மூடியும் பேடா டப்பாவும். என் காரில் நான் பின்னிருக்கையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சக்கரங்கள் எலுமிச்சம்பழங்களின்மேல் சத்தமில்லாமல் ஏறி இறங்கின. கார் குலுங்காமல் தெருவுக்கு வந்தது.

பல்கலைக்கழக நாற்சந்தியில் வலதுபக்கம் திரும்பச் சொன்னார் மிஸ்திரி. அங்கே சதுஷ்ருங்கி கோயில் திருவிழாக் கூட்டம். பலூன்காரன், கரும்புச்சாறு, குழந்தையைத் தோளில் வைத்தவர்கள். கோயிலைத் தாண்டினால் ரோடு மேட்டில் ஏறும். அந்த மேட்டின் நடுவில், எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் நின்றுவிட்டது. பின்னால் ஒரு டெம்போ, பம்பரை முட்டுகிற தூரத்தில். மேட்டில் நிறுத்தி எடுப்பது அந்தக் காரில் எனக்கே நடுக்கம் தரும் வேலை. கை பிரேக் ஸ்டியரிங்குக்குக் கீழே இழுக்கும் வகை. கொஞ்சம் விட்டால் கார் பின்னால் உருளும்.

பஸ் நகர்ந்தது. எங்கள் கார் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்துவிட்டது. டெம்போக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கூட்டத்தில் ஒருவன், அக்கா, இறங்கிட்டா நாங்க தள்ளுறோம் என்றான். நான் முன்னால் சாய்ந்து, நான் எடுத்துத் தருகிறேன், நீ இறங்கு என்றேன். என் குரலில் இருந்தது அக்கறை இல்லை, சந்தோஷம். அது எனக்கே கேட்டது.

மிஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அண்ணா, பின்னாடி உக்காந்துகிட்டு பிரேக் போடாதீங்க."

அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் எழுந்தது. கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். ஓரிடத்தில் காரின் முகம் லேசாக நிமிர்ந்தது, கயிற்றை இழுத்துப் பிடித்த மாடு மாதிரி. அங்கே கிளட்சை நிறுத்திக் கை பிரேக்கை விடுவித்தாள். கார் ஒரு விரல்கூடப் பின்னால் போகவில்லை. அப்படியே மேலே ஏறியது. மேட்டின் உச்சிக்கு வந்ததும் அவள் வாயைத் திறந்து மூச்சு விட்டாள். பக்கவாட்டில் அவள் முகம் தெரிந்தது. லைசென்ஸ் படத்தில் இருந்த அதே முகம்.

"அண்ணா ஓட்டினா கிளட்ச் ஒரு வருஷம் வரும்," என்றார் மிஸ்திரி. "வைனி ஓட்டினா மூணு வருஷம். எனக்கு நஷ்டம்தான்."

கராஜுக்குத் திரும்பி அவரை இறக்கிவிட்டதும், அவள் எஞ்சினை அணைக்கவில்லை.

"முன்னாடி வந்து உக்காருங்க. நான் உங்க டிரைவர் இல்ல."

வந்து உட்கார்ந்தேன். வீட்டுப் பக்கம் திரும்பாமல் நேரே போனாள். கட்கி வந்தது, பாலம் வந்தது, எரவாடா வந்தது. ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்து வண்டிகளின் மாலைகள் எங்கள் ஜன்னலை உரசின. அவள் ஓட்டுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இது மூன்று மாதமாகக் காரைத் தொடாதவள் ஓட்டுகிற ஓட்டு இல்லை.

எங்கே பழகினாய் என்று கேட்டேன்.

"போசரில. வியாழக்கிழமை அங்க கம்பெனி எல்லாம் லீவு, ரோடு காலியா கெடக்கும். எங்க சயின்ஸ் டீச்சர் காரு."

வியாழக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங் என்றல்லவா சொன்னாய் என்றேன்.

"ஏன், நீங்க மட்டுந்தான் பொய் சொல்லுவியளா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே கேட்டாள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. பயம் என்றேன். இந்த ஊர் லாரிகள், இந்த டிராஃபிக், உனக்கு ஏதாவது ஆகிவிட்டால். அவள் நம்பினாள், அல்லது அன்றைக்கு அதற்குமேல் கேட்டு நல்ல நாளைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. பிடிபட்ட அன்றும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

விமான் நகரில் புதுப் பள்ளிக் கட்டிடம் இன்னும் சுண்ணாம்பு வாசனையோடு நின்றது. வாசலில் சரஸ்வதி பூஜை. நிர்வாகத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் வெள்ளை உடையில் நின்றுகொண்டிருந்தார். அவள் காரை நேராக வாசல்வரை கொண்டுபோய் நிறுத்தி இறங்கினாள். நான் உள்ளேயே இருந்தேன். அவள் பேசுவதும், பெரியவர் கைகூப்புவதும், பிறகு எங்கள் காரைப் பார்த்து ஏதோ கேட்பதும், அவள் தன்னைக் காட்டிச் சிரிப்பதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தன.

திரும்பி வந்து கதவைச் சாத்தினாள்.

"சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"வாரேன்னுதான். வேற என்ன சொல்ல?"

தீபாவளி கழிந்து அவள் அங்கே சேர்ந்தாள். நான் அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். கார் அவளுடையதாயிற்று, கராஜும் அவளுடையதாயிற்று. முதல் சர்வீஸுக்குப் போன அன்றே மிஸ்திரியைப் பெஞ்சில் உட்காரவைத்து ஒரு பிடி பிடித்திருக்கிறாள். வண்டி ஒரு வீட்டுக்குச் சொந்தம், ஒரு ஆளுக்கு இல்லை. ஒருவர் வந்து நிறுத்தி வை என்றால் நிறுத்திவிடுவதா? இன்னொருவரிடம் கேட்க வேண்டாமா? மிஸ்திரி காதைப் பிடித்துக்கொண்டாராம். அதற்குப் பிறகு எந்தக் குடும்பக் கார் வந்தாலும், வீட்டில் வேறு யார் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு, வேலை முடிந்ததும் இரண்டு பேரையும் சக்கர் கூட்டிப்போவது அந்தக் கராஜின் வழக்கமாயிற்று. எத்தனையோ கணவன்மார்கள் நெளிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அவள் பள்ளியின் ஆசிரியைகள் ஒவ்வொருவராக ஓட்டக் கற்றார்கள். ஸ்கூட்டரும் காருமாக எல்லாரும் அதே கராஜுக்குத்தான் வந்தார்கள். மிஸ்திரி இரண்டாவது பெஞ்சு போட வேண்டியதாயிற்று. பெண்கள் வருகிற இடமா என்று நான் கேட்ட இடத்தில், சனிக்கிழமை மதியங்களில் ஆண்களுக்கு உட்கார இடமில்லை. சத்தம் போட்டுக் காட்டுவதிலும் என் மனைவி என்னைத் தோற்கடித்தாள். ஒருமுறை ஃபேன் பெல்ட்டின் கிறீச்சொலியை அவள் அப்படியே எழுப்ப, பேட்டரிக் கடைக்காரர் என்ன ஆயிற்றோ என்று ஓடிவந்துவிட்டார்.

பள்ளி வளர்ந்தது. அவள் காலத்தில் இரண்டு மாடி எழும்பியது. நானும் ஓய்வுபெற்றேன், பதவி உயர்வு இல்லாமலே.

உண்மையை அவளிடம் சொன்னது இரண்டாயிரத்துக்குப் பிறகு, பல வருடம் கழித்து. மும்பையில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வேறு கார், புதுசு. அவள்தான் ஓட்டினாள். கண்டாலா மலை இறக்கத்தில் நல்ல மழை. மேகம் ரோட்டிலேயே படுத்திருந்தது. ஏன் அந்த இடத்தில் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்க்க முடியாத இடம் என்பதால் இருக்கலாம்.

"அன்னைக்கு நான் காரை நிறுத்தி வச்சது பயத்தால இல்ல. பொறாமை" என்றேன். பட்டியலில் என் பெயர் இல்லாத கதையையும், லைசென்ஸ் படம் நன்றாகத்தான் இருந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் கியரைக் குறைத்தாள்.

"இப்ப சொன்னா நான் ரோட்டப் பாக்கவா, ஒங்களப் பாக்கவா? பேசாம வாங்க. இந்த வளைவு மோசம்."

மகள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது, நான் எதிரே உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். ஆடி, கணபதி, பித்ருபட்சம், ஒன்றையும் விடவில்லை. மிஸ்திரியின் குரலில் அவள் பேசிக்காட்டியபோது எனக்கே சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவுக்கு மட்டும் ஊற்றினாள். அது எனக்கு வேண்டியதுதான்.

"அம்மா, ஒனக்குக் கோவமே வரலையா?" என்று கேட்டாள்.

என் மனைவி மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தாள்.

"வந்துச்சு. மலை இறங்குத வரைக்கும் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். இவ்வளவு படிச்ச மனுஷன், ஆபீசர், அத்தன சாமியையும் துணைக்குக் கூப்புட்டும் மூணு மாசந்தான் என்னய நிறுத்தி வைக்க முடிஞ்சிருக்கு."

அதைச் சொல்லிவிட்டு அவள் ஊறுகாய்க்குக் கையை நீட்டினாள். நான் எடுத்துக் கொடுத்தேன்.